"எனக்குப் பேச வராது சார்": வகுப்பறைப் பேச்சுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் பல வகைப் பேச்சு பேசியாக வேண்டும்: தன்னறிமுகம், ஒன்றைச் செய்து காட்டிப் பேசுவது, தகவல் பேச்சு, கேட்பவரை இணங்க வைக்கும் பேச்சு, சீட்டு எடுத்து அப்போதே பேசுவது, வரவேற்புரை நன்றியுரை மாதிரியான விழா உரைகள், கடைசியில் ஒரு பட்டிமன்றம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த வரிசையை மனதில் வைத்துத்தான்.

பள்ளியிலேயே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். மறுபடி எதற்கு இத்தனை வகை?

பரிசு வாங்கியது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ப் பேச்சுப் போட்டி எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தலைப்பு முன்கூட்டியே தெரியும், தமிழாசிரியரோ அப்பாவோ எழுதிக் கொடுப்பார், பிள்ளை அதை வரி பிசகாமல் நெட்டுருப் போடும், மேடையேறி "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று ஆரம்பித்து இரண்டாம் மணி அடிப்பதற்குள் ஒப்பித்து முடித்துவிடும். இதில் குரல் தேறும், உச்சரிப்பு தேறும், கூட்டத்தைப் பார்த்தால் வரும் பயமும் கொஞ்சம் தெளியும். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தானே முடிவெடுப்பது, எதிரே இருப்பவர் முகம் சுருங்கினால் சொல்வதை மாற்றிச் சொல்வது, குறுக்கே ஒருவர் கேட்டால் பதில் சொல்வது, இதற்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. நான் பார்த்தவரை சீட்டு எடுத்துப் பேசும் அன்றைக்கு அதிகம் திணறுவது பரிசு வாங்கியவர்கள்தான். எழுதிக் கொடுத்தது இல்லை என்றதும் கை ஒடிந்த மாதிரி நிற்பார்கள்.

பேச்சு என்பது ஒரே திறமை இல்லை, பல திறமைகளின் கூட்டு. ஒவ்வொரு வகைப் பேச்சும் அதில் ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்துப் பழக்குகிறது. அதனால்தான் இத்தனை வகை.

முன்னால் போய் நின்றாலே கை நடுங்குது, வாய் உலர்ந்து போகுது. என்ன செய்ய?

"பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்" என்று அவையஞ்சாமை அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லிவிட்டார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், சபையில் அஞ்சாமல் பேசுபவர் கிடைப்பதுதான் அரிது என்கிறார். ஆகவே உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது.

பயம் வந்ததும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை நடுங்குகிறது, எச்சில் குறைவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது உச்சத்தில் இருப்பது பெயர் கூப்பிடுவதற்கு முந்தைய சில நொடிகளிலும் பேச ஆரம்பித்த முதல் நிமிடத்திலும்தான், அப்புறம் தானாக இறங்கும். ஆக, அந்த முதல் நிமிடத்தை மட்டும் கடத்த வழி தெரிந்தால் போதும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஏ4 தாளைக் கையில் பிடிக்காதீர்கள், சின்ன நடுக்கத்தையும் அது படபடவென்று ஊருக்கே சொல்லிவிடும். தபால் அட்டை அளவுக்குக் கெட்டியான அட்டை போதும். போனவுடன் பேசாதீர்கள். காலை ஊன்றி நின்று, மூச்சை விட்டு, தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து, அப்புறம் ஆரம்பியுங்கள். உள்ளே நடக்கும் கலவரத்தில் பாதிகூட வெளியே தெரியாது. பேசி முடித்தவரிடம் வகுப்பு "நீ பயந்த மாதிரியே தெரியலையே" என்று சொல்வதும் அவர் நம்ப மறுப்பதும் எப்போதும் நடப்பதுதான்.

எதிரே இருப்பவர்களை எல்லாம் முட்டைக்கோஸாக நினைத்துக்கொள் என்று யாராவது அறிவுரை சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். முட்டைக்கோஸிடம் பேசிப் பழகியவருக்கு மனிதர்களிடம் பேச எப்படி வரும்?

தன்னறிமுகத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பெயர், ஊர், "என் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது" என்று போனால் ஒன்றும் இல்லைதான். அதனால் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதை வைத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறேன். ஒரு மாணவர் பேருந்து நடத்துநரான அப்பாவின் பழைய விசிலைக் கொண்டுவந்தார், ஒற்றை விசில் எதற்கு, இரட்டை விசில் எதற்கு என்று ஆரம்பித்து அப்பாவின் வேலை நேரத்தில் போய் முடித்தார். அவர் பெயரை மறந்தவர்கள்கூட விசிலை மறக்கவில்லை.

செய்து காட்டும் பேச்சு எல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஏனென்றால் மொத்த வகுப்பிலும் அதிகம் கற்றுக்கொடுப்பது இதுதான்.

மல்லிகைப் பூ கட்டிக் காட்டிய ஒரு மாணவியைச் சொல்கிறேன். வீட்டில் தினமும் கட்டுபவர், விரல் தானாக ஓடும். இரண்டு பூவை ஒரு பக்கமும் இரண்டு பூவை எதிர்ப்பக்கமும் தலை வைத்து, காம்புகளை நடுவில் சேர்த்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு கண்ணி போட்டு மாட்டி இழுத்தால் முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல்கடை நீளம் கட்டிவிட்டார், ஆனால் வாயிலிருந்து "இப்படி... அப்புறம் இப்படி..." என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. "கண்ணி எந்தப் பக்கம் திரும்புது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். அவரே கையை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கைக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை.

மறு வாரம் அதே பேச்சை மறுபடி பேசினார். இந்த முறை நாருக்குப் பதில் தடித்த பச்சை நைலான் கயிறு, பூவுக்குப் பதில் சாக்பீஸ். பின்னால் இருப்பவருக்கும் தெரிந்தது. ஒரு அசைவு, ஒரு வாக்கியம், கொஞ்சம் இடைவெளி, அடுத்த அசைவு. கேள்வி கேட்ட அந்தப் பையனிடம் கயிற்றைக் கொடுத்து, திரும்பி நின்றுகொண்டு வார்த்தையை மட்டும் கேட்டுக் கட்டச் சொன்னோம். முடிச்சு விழுந்தது, கோணல்தான், ஆனால் விழுந்தது. ஒரு விளக்கம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இன்னொரு லாபம், கைக்கு வேலை கிடைத்துவிடுவதால் கையை எங்கே வைப்பது என்ற கவலையே வராது. தலைப்பு எடுக்கும்போது மட்டும் கவனம்: அடுப்பு வேண்டாம், காத்திருக்க வேண்டியதும் வேண்டாம். மாவு ஊறும் வரை வகுப்பு சும்மா உட்கார முடியாது, ஊறிய மாவைத் தனியாகக் கொண்டுவாருங்கள்.

தகவல் பேச்சுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. "சுற்றுச்சூழல் மாசு" எடுக்கலாமா?

வேண்டாம். ஐந்து நிமிடத்தில் சுற்றுச்சூழலை முடிக்க யாராலும் முடியாது, முடிக்கப் பார்த்தால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டிவரும். தலைப்பைச் சுருக்கிக்கொண்டே போங்கள், ஒரு நாள், ஓர் இடம், ஒரு மனிதர் என்று வரும் வரை.

உதாரணத்துக்கு "தமிழ் மேடைப்பேச்சின் வரலாறு" என்று ஒருவர் எடுத்துவந்தார். அதைச் சுருக்கச் சுருக்க 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. அன்றைக்கு யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார், அப்போது அவருக்கு 25 வயது. அதற்கு முன் மெதடிஸ்ட் பாதிரியார் பீட்டர் பெர்சிவலுடன் பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவப் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்தவர். அதே முறையைச் சைவத்துக்காகக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். "நாவலர்" என்ற பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது, அன்றைக்குப் பேசும்போது அவர் வெறும் ஆறுமுகம்தான். இவ்வளவையும் சொல்லி, கேட்பவர் மனதில் ஒரு கோயில் மண்டபத்தையும் ஒரு இளைஞரையும் நிறுத்த ஐந்து நிமிடம் சரியாக இருந்தது. "தொன்றுதொட்டே தமிழன்" என்று ஆரம்பித்திருந்தால் ஐந்து நிமிடமும் காற்றோடு போயிருக்கும்.

இணங்க வைக்கும் பேச்சில் எல்லோரும் கைதட்டினார்கள், ஆனால் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன்?

கைதட்டல் வேறு, இணங்குவது வேறு. நீங்கள் "ரத்த தானம் செய்வோம், உயிர்களைக் காப்போம்" என்று முடித்தீர்கள், யாருக்கும் மறுப்பு இல்லை, யாரும் போய் ரத்தம் கொடுக்கவும் இல்லை.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆலன் மன்றோ 1930களில் ஐந்து படி ஒன்றை வகுத்தார், பேச்சுப் பாடங்களில் இன்றும் அது ஓடுகிறது. கவனத்தைப் பிடி, குறை எங்கே என்று காட்டு, தீர்வைச் சொல், அது நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்து, கடைசியாக என்ன செய்ய வேண்டும் என்று கேள். நம் பிள்ளைகள் முதல் இரண்டிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டுக் கடைசிப் படியை ஒரு முழக்கமாகச் சுருக்கிவிடுகிறார்கள். கடைசிப் படியில் கேட்பது சின்னதாக, குறிப்பாக இருக்க வேண்டும்: "வெள்ளிக்கிழமை நம் என்எஸ்எஸ் முகாம், மதிய இடைவேளையில் என்னோடு வர யார் யார் தயார்?"

அதோடு, எதிரே இருப்பவர் மனதில் என்ன தடை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். ரத்த தானத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது, வழக்கமாக எடுப்பது 350 மில்லி. இதைச் சொன்னால் "நான் ஒல்லி, எனக்கு மயக்கம் வரும்" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும் மாணவிக்குத் தான் கொடுக்கலாமா கூடாதா என்றாவது தெரியும். அழுதுகொண்டே சொல்லும் உருக்கமான கதையைவிட இந்த நான்கு எண்கள் அதிகம் வேலை செய்யும்.

மனப்பாடம் செய்யலாமா, குறிப்பு பார்க்கலாமா?

ஆரம்பத்தையும் முடிவையும் மனப்பாடம் செய்யலாம், நடுவில் வேண்டாம். அட்டையில் முழு வாக்கியம் எழுதினால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு சொல் போதும், பெரிய எழுத்தில்.

"அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசினால்தான் உணர்ச்சி வரும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு மார்ட்டின் லூதர் கிங் கதை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் எழுதி வைத்த உரையைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுக்க, தாளை விட்டுவிட்டு "எனக்கொரு கனவு உண்டு" என்று கனவுக்குள் போனார். உலகத்துக்கு நினைவிருப்பது அந்தப் பகுதிதான். ஆனால் அதே கனவை ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். தாளில் இல்லாதது நாக்கில் ஏற்கெனவே இருந்தது, அதனால் வந்தது.

செந்தமிழில் பேசணுமா, நம்ம பேச்சுத்தமிழிலா?

தமிழில் மட்டும் இந்தத் தலைவலி கொஞ்சம் அதிகம். முழுக்க எழுத்துத் தமிழில் பேசினால் செய்தி வாசிப்பது போல் இருக்கும், முழுக்கப் பேச்சுத்தமிழில் போனால் சில சபைகளில் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். நல்ல பேச்சாளர்களைக் கவனியுங்கள், இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருப்பார்கள். வாதத்தை, மேற்கோளை, முடிவைச் சொல்லும்போது எழுத்துத் தமிழ். கதை சொல்லும்போது, அதிலும் கதைக்குள் ஒருவர் பேசும்போது, அவர் எப்படிப் பேசுவாரோ அப்படி. "என் பாட்டி என்னை நோக்கி, 'எங்கே செல்கிறாய்?' என வினவினார்" என்றால் அந்தப் பாட்டி செத்துப்போகிறார். "எங்கலே போற?" என்று சொல்லட்டுமே, திருநெல்வேலிப் பாட்டி என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

வட்டார வழக்கை மறைக்கச் சொல்லமாட்டேன். ழ, ல, ள மட்டும் தெளிவாக வரட்டும், அதுவும் பொருள் மாறிவிடக் கூடாது என்பதற்காக.

சீட்டு எடுத்து உடனே பேசும்போது மண்டை காலியாகிவிடுகிறதே?

எல்லோருக்கும் ஆகும். ஒரு நிமிட யோசனை நேரத்தில் கருத்துத் தேடாதீர்கள், ஒரு சம்பவம் தேடுங்கள். "குடை" என்று சீட்டு வந்தால் குடையின் பயன்கள் வேண்டாம், குடையைத் தொலைத்த ஒரு நாள் போதும். சம்பவத்தைச் சொல்லி, அதிலிருந்து ஒன்று சொல்லி, நிறுத்திவிடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் முன்பு எப்படி, இப்போது எப்படி, இனி எப்படி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், எந்தத் தலைப்பும் இதற்கு மடங்கும்.

1924இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த, மேடைப்பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் இதைத் தனி அங்கமாகவே வைத்திருக்கிறார்கள், ஒருவர் பேசும்போது எத்தனை "ஆ", "உம்" வருகிறது என்று எண்ணவே ஓர் ஆள் போடுவார்கள். நாங்களும் எண்ணுகிறோம், எங்கள் பட்டியலில் "வந்து", "அதாவது", "பாத்தீங்கன்னா", "ஸோ", "ஆக்சுவலா". எண்ணப்படுகிறது என்று தெரிந்தாலே பாதி குறைந்துவிடும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி நின்றால் போதும், யோசிக்கிறார் என்று நினைப்பார்கள்.

வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் ஒரு பேச்சா?

நீங்கள் வாழ்க்கையில் அதிகம் பேசப்போவது இதுதான். அலுவலகத்தில் பிரிவு உபசாரம், குடும்பத்தில் மணிவிழா, ஊரில் ஆண்டு விழா, திடீரென்று "தம்பி, நீ ரெண்டு வார்த்தை பேசு" என்பார்கள்.

நன்றியுரை பேசுபவருக்குக் கிடைப்பது எழுந்து போகத் தயாராக இருக்கும் கூட்டம். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் நாற்காலிச் சத்தம் கேட்கும். பெயர்களை முந்தின நாளே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரின் தலைப்பெழுத்தைத் தப்பாகச் சொன்னால் அவருக்கு அந்த விழாவே கசந்துவிடும். சிறப்பு விருந்தினர் பேச்சிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொண்டு அதைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். இதை முன்கூட்டி எழுத முடியாது, கேட்டுக்கொண்டிருந்தால்தான் வரும், இந்தப் பயிற்சியின் பயனே அதுதான். ஒலிபெருக்கிக்காரரையும் தண்ணீர் வைத்தவரையும் விடாதீர்கள்.

அவை விளிப்பு பற்றி ஒரு வார்த்தை. மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் அடைமொழியோடு அழைத்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. வகுப்பில் அதற்குப் பத்து நொடிதான் தருகிறேன். வெளியே உங்கள் சாமர்த்தியம்.

பட்டிமன்றத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாத அணி வந்துவிட்டது. மாற்றித் தருவீர்களா?

மாட்டேன். நம்பாத பக்கத்துக்காக வாதாடும்போதுதான் எதிராளி ஏன் அப்படி நினைக்கிறார் என்று முதல்முறையாக யோசிப்பீர்கள். எதிரணி சொன்னதை முதலில் நேர்மையாக ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது எங்கள் விதி, இந்த விதியால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

மணிமேகலையிலேயே சமயவாதிகளை "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்", அதாவது முறை தெரிந்து ஏறுங்கள், என்று அழைக்கும் வரி இருக்கிறது. இன்றைய பட்டிமன்றம் பரவியதில் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அங்கே சண்டை கம்பனின் பாத்திரங்களைப் பற்றி. தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தைப் பார்த்துவிட்டு நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்துக்கொண்டு வருபவர்கள் "பாங்கறிந்து" என்ற சொல்லை இன்னொரு முறை படிக்கவும்.

பவர்பாயிண்ட் போடலாமா?

படம், வரைபடம் என்றால் போடலாம். நீங்கள் பேசப்போவதையே திரையில் எழுதிப் போட்டால் வகுப்பு உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிடும். மின்சாரம் போனாலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும், நம் ஊர் இது.

மைக்கில் என் குரல் கேட்கும்போது பயமாக இருக்கிறது.

தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்பட்டும். ஒலிப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் "கீ" என்று கத்தும், அதற்குப் பின்னால் நில்லுங்கள்.

மற்றவர் பேச்சைப் பற்றிக் கருத்து சொல்லச் சொன்னால் "சூப்பர்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

நன்னூலைத் திறந்து பாருங்கள். நூலுக்கு வரும் பத்துக் குற்றம் என்று பவணந்தி முனிவர் பட்டியல் போட்டிருக்கிறார், நூலுக்குச் சொன்னது பேச்சுக்கும் அப்படியே பொருந்துகிறது. சொன்னதையே திரும்பச் சொன்னால் கூறியது கூறல். தலைப்பை விட்டுவிட்டு வேறொன்றுக்குள் புகுந்தால் மற்றொன்று விரித்தல். முன்பு சொன்னதற்கு மாறாகச் சொன்னால் மாறுகொளக் கூறல். எங்கள் வகுப்பில் அதிகம் புழங்குவது "சென்று தேய்ந்து இறுதல்", அதாவது அட்டகாசமாக ஆரம்பித்துப் போகப்போகத் தேய்ந்து கடைசியில் "அவ்வளவுதான்" என்று முடிவது. குற்றத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டால் ஆளைக் குறை சொல்ல வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் போதும், பேசியவரே சிரித்துவிடுவார். முதலில் பிடித்தது ஒன்று, அப்புறம் குற்றம் ஒன்று, அதற்கு மேல் ஒரே நாளில் யாருக்கும் தாங்காது.

எங்கள் கல்லூரியில் இப்படி வகுப்பே இல்லை. தனியாகப் பழக முடியுமா?

கண்ணாடி முன் பேசுவதைவிடக் கைப்பேசியில் பதிவு செய்வது மேல், கண்ணாடியில் நீங்கள் பேச்சைக் கேட்பதில்லை, தலைமுடியைத்தான் பார்க்கிறீர்கள். பதிவை முதலில் படம் பார்க்காமல் கேளுங்கள், அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், கை என்ன செய்கிறது என்று தெரியும். ஆனால் தனியாகப் பழகுவதற்கு ஓர் எல்லை உண்டு, முகம் சுளிக்க எதிரே ஆள் வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் போதும். ஒரு காலி வகுப்பறை, மாலை ஒரு மணி நேரம், ஒருவர் பேச, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் "ஸோ" எண்ண, ஒருவர் நன்னூல் குற்றம் பிடிக்க. வாராவாரம் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் செய்து காட்டும் பேச்சிலேயே ஆரம்பிக்கலாம், தன்னறிமுகம் உங்களுக்குள் தேவைப்படாது.